என் மாமியார் கேட்ட பூ

சாமி கைவிட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டு வீட்டு மூலையில் சுருண்டு கிடக்கும் யாராவது ஒருத்தி இதைப் படிப்பாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தாலும் சரி, படிக்காவிட்டாலும் சரி. நானும் அப்படிக் கிடந்தவள்தான். சோறு இறங்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, எழுந்து போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி வந்து படுத்தவள்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் சங்ககிரிக்கும் நடுவே இருக்கிறது. வெள்ளாமைக் குடும்பம். பதிமூன்று வயது முடிந்ததும் என்னைச் சேந்தமங்கலம் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். அந்த வீட்டில் மாமனார் கிடையாது. மாமியாரும் அவருடைய ஒரே மகனும்தான். என் வீட்டுக்காரரோடு நான் வாழ்ந்தது ஒரு வருஷம்கூட இல்லை.

ஆவணி மாதம், வரப்பு வெட்டும்போது மண்வெட்டி அவர் காலில் பட்டது. பெரிய வெட்டு ஒன்றும் இல்லை. சாணியும் மஞ்சளும் வைத்துக் கட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். சில நாள் கழித்துத் தாடை வலிக்கிறது என்றார். மறுநாள் வாய் திறக்கவில்லை. உடம்பு வில்லாக வளைந்தது. அதற்கு ரணஜன்னி, இங்கிலீஷில் டெட்டனஸ், என்று பெயர் என்பதே எனக்குப் பின்னால் படித்துத்தான் தெரியும். என்னைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். பல் கிட்டித்துப் போயிருந்தது. என்ன சொல்ல வந்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. சேலம் ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டினார்கள். பாதி வழியிலேயே வண்டியைத் திருப்ப வேண்டியதாகிவிட்டது.

எழவு வீட்டில் மாமியார் எல்லார் முன்னிலும் என் தலைமுடியைப் பிடித்து உலுக்கினார். "எம்பட மகனை முழுங்கிப் போட்டியேடி! வந்து வருசம் திரும்பறதுக்குள்ள முழுங்கிப் போட்டியே!" என்று கத்தினார். என் அய்யனுக்கு, அதாவது என் தகப்பனாருக்கு, அது பொறுக்கவில்லை. காரியம் முடிந்த கையோடு என்னை வண்டியில் ஏற்றினார். "இனி இவ எங்கூட்டுப் புள்ளை. உங்க வாசப்படியை நான் மிதிச்சா என்னை மனுசன்னு சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டு மாட்டை ஓட்டினார். எனக்கு அப்போது பதினாலு வயது. வெள்ளைச் சேலை உடம்பில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுந்தது.

அய்யன் சரியான பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதம்தான் என்னைப் படிக்கவும் வைத்தது. வீட்டில் முடங்கினாலும் ஊர் பேசும், படித்தாலும் பேசும், படித்தே தொலையட்டும் என்று சேலத்துக்குக் கொண்டுபோய் விட்டார். செவ்வாய்ப்பேட்டையில் அவர் கடலைக்காய் போடும் மண்டிக்காரர் வீட்டின் பின்கட்டில் தங்கிப் பெண்கள் பள்ளியில் படித்தேன். தெருவில் போனால் மண்டிக்குச் சகுனம் பார்த்துப் புறப்படுகிறவர்கள் என்னைக் கண்டதும் திரும்ப உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள். பார்த்துப் பார்த்து எனக்குச் சிரிப்புக்கூட வரும். எத்தனை சொம்பு தண்ணீரை என்னால் செலவழித்தார்களோ தெரியாது. எப்படியோ பள்ளிப் படிப்பை முடித்தேன்.

அது முப்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி. வைத்தியம் படிக்க நான் இரண்டு இடத்துக்கு எழுதிப் போட்டிருந்தேன். ஒன்று சென்னையில் பெண்களுக்கென்று இருந்த வைத்தியப் பள்ளி. இன்னொன்று வடக்கே ஒரு மிஷன் நடத்திய பள்ளி. ஒன்றிலாவது கிடைக்குமா என்று ஏங்கிக்கொண்டிருந்தவளுக்கு இரண்டிலும் இடம் கிடைத்துவிட்டது. ஆனி முடிவதற்குள் எது என்று பதில் சொல்ல வேண்டும்.

எனக்குச் சென்னைக்குப் போகத்தான் ஆசை. அங்கே நம் பழக்கப்படி சமையல் உண்டு, கோயில் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். மிஷன் பள்ளி என்றால் பயம். ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். படிப்பு முடிந்ததும் அவர்கள் சொல்கிற கிராமத்து ஆஸ்பத்திரியில் சில வருஷம் வேலை பார்க்க வேண்டும். "அங்க போனா வேதத்துல சேத்துப் போடுவாங்க" என்று, என்னைக் கிறிஸ்தவத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்ற பயத்தில், உறம்பரை சொந்தக்காரர்களெல்லாம் வந்து அய்யனிடம் ஓதிவிட்டுப் போனார்கள். என் அண்ணனுக்கோ இரண்டுமே பிடிக்கவில்லை. "தாலியறுத்த புள்ளை பொணத்தை அறுக்கப் போவுதுங்கறாங்க. நாலு பேரு மூஞ்சில நான் முழிக்க வேண்டாமா?" என்றான்.

அய்யன் கடைசியில் எங்கள் வழக்கப்படி ஒரு முடிவுக்கு வந்தார். "நானும் சொல்லல, நீயும் சொல்ல வேண்டாஞ் சாமி. ஆத்தா சொல்லட்டும். பூக் கேட்டுப் போடலாம்."

எங்கள் பக்கத்தில் குலதெய்வத்திடம் பூக் கேட்காமல் பெரிய காரியம் எதையும் தொடங்க மாட்டார்கள். அம்மனுக்குத் தண்ணீர் வார்த்து, ஈரச் சிலையின் இரண்டு தோளிலும் பூ வைத்துக் கும்பிட்டு நிற்பார்கள். எந்தப் பூ விழுகிறதோ அதுதான் உத்தரவு. வெள்ளரளி விழுந்தால் சென்னை, செவ்வரளி விழுந்தால் மிஷன் பள்ளி என்று அய்யன் வேண்டிக்கொண்டார்.

காலையில் வைத்த பூ உச்சி வரைக்கும் விழவில்லை. இரண்டில் ஒன்றும் விழவில்லை. பூசாரி மறுபடி தண்ணீர் வார்த்துப் புதுப் பூ வைத்தார். அதுவும் சிலையோடு ஒட்டிக்கொண்டு வாடியது. கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. நான் எங்கள் குலதெய்வமான செல்லாண்டியம்மனுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த அம்மனை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அன்றைக்கு அது என்னை யார் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

அண்ணன் வெளியே வந்து துண்டை உதறினான். "ஆத்தா ரெண்டும் வேண்டாம்னுட்டா. அப்பறம் என்ன பேச்சு? பேசாம ஊட்டுல கெடக்கட்டும்" என்றான். அய்யன் அதை எதிர்த்துச் சொல்லாததுதான் எனக்குப் பேரிடி.

அன்றுமுதல் படுத்தவள்தான். ஆனி ஓடிக்கொண்டிருந்தது. வீட்டில் எல்லோரும் காட்டுக்குப் போன ஒரு மத்தியானம் கிணற்றோரம் போய் நின்றேன். இறங்கவில்லை. பயமாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்கிறேன். அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். "ஆத்தா, நீ எந்தக் கோயில்ல இருக்கறவளா இருந்தாலும் செரி. எனக்கு ரெண்டு கதவு தொறந்துச்சு, நீ ரெண்டையும் சாத்திப் போட்டே. ஒண்ணைத் தொற. இல்லைன்னா நான் எதுக்கு இருக்கறேன்னு சொல்லு." இப்படித்தான் கேட்டேன். பக்தியாகக் கேட்கவில்லை. சண்டைக்குப் போகிறவள் மாதிரி கேட்டேன்.

அன்று பொழுது இறங்கும் நேரம் அம்மா கம்பஞ்சோறும் மோரும் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா அதிகம் பேசமாட்டாள். அய்யன் பேசும் வீட்டில் அவளுக்குப் பேச இடம் இருந்ததில்லை. என் தலையைக் கோதிவிட்டு, "எங்கய்யன் கோயில்ல போயி நான் கேட்டாலும் பூ உழுகாது கண்ணு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"நான் அங்கிருந்து வந்துட்டவ. எனக்குச் சாமி இங்கத்தான். உன்னையும் கட்டிக் குடுத்தாச்சு. உன்னைய இந்தச் சாமிகிட்ட நிறுத்துனா அது எப்புடிப் பேசும்? உம்பட சாமி சேந்தமங்கலத்துல இருக்குது."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஊரில் ஒரு சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. பெண் கட்டிக்கொடுத்த வீட்டின் குலதெய்வம்தான் அவளுக்குக் குலதெய்வம். புருஷன் செத்தாலும் அது மாறாது. அய்யனுக்குத் தெரியாதா? பூசாரிக்குத் தெரியாதா? அய்யன் அந்த வீட்டை அறுத்துவிட்டோம் என்று அடித்துச் சொல்லிச் சொல்லி எல்லோரும் அதை நம்பிவிட்டோம். அம்மன் மட்டும் நம்பவில்லை.

அய்யனிடம் அம்மா இதைச் சொன்னபோது வீடே அதிர்ந்தது. "அந்த வாசல்ல போயி நிக்கறதுக்கு நான் செத்துப் போலாம்" என்றார். அம்மா பயப்படவில்லை. "நீங்க வராட்டிப் போங்க. நான் எம்புள்ளையக் கூட்டிட்டு நடந்தே போறனுங்க" என்றாள். அப்படி ஒரு பேச்சை அந்த வீட்டுச் சுவர்கூட அதற்கு முன் கேட்டிருக்காது. மறுநாள் விடிந்ததும் அய்யன் யாரிடமும் பேசாமல் மாட்டைப் பூட்டினார். அம்மா வாசலோடு நின்றுவிட்டாள், நான் ஏறிக்கொண்டேன்.

நாமக்கல் தாண்டிக் கொல்லிமலை கண்ணுக்குத் தெரிந்ததும் அந்த எழவு வீடு நினைவுக்கு வந்தது. முடியைப் பிடித்து உலுக்கியவர் இப்போது என்ன செய்வாரோ?

மாமியார் வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். வண்டியைப் பார்த்தார், அய்யனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. எங்கள் பக்கம் எதிரி வந்தாலும் அந்த ஒரு வார்த்தை சொல்வார்கள்.

"மாடு நொரை தள்ளுது. மொதல்ல அதுக்குத் தண்ணி காட்டுங்கண்ணா" என்றார்.

அய்யன் மாட்டை அவிழ்க்கப் போனார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பள்ளி, பூ விழாதது, ஆனி முடியப் போகிறது, எல்லாம். அவர் கல்லை எடுத்துப் புளியை உடைத்துக்கொண்டே கேட்டார். முடித்ததும் கல்லைக் கீழே வைத்தார்.

"வாய் கிட்டிக்கிச்சே அவனுக்கு, அதுக்கு மருந்து இருக்குதா?"

"இருக்குதுன்னு சொல்றாங்கத்தை. ஊசி இருக்குதாம்."

"ரெண்டுல எந்தப் பள்ளிக்கூடத்துல அதைச் சொல்லிக் குடுப்பாங்க?"

"ரெண்டுலயும் குடுப்பாங்கத்தை."

அவர் கையிலிருந்த புளிக்கொட்டையை உதறிவிட்டு எழுந்தார். "வா. கேக்கலாம்" என்றார். கோயிலுக்குப் போகும் வழியில் முன்னால் பார்த்துக்கொண்டே, "அன்னைக்கு வயிறு எரிஞ்சுது, பேசிப் போட்டேன்" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. எனக்கும் அதற்கு மேல் தேவைப்படவில்லை.

கோயிலில் பங்காளிகள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் மூத்தவர் குறுக்கே வந்து நின்றார். "இதென்ன கூத்து? தாலியறுத்த பொம்பளைக ரெண்டு பேரு வந்து பூக் கேக்கறதா? ஆம்பளை ஆரும் இல்லையா அந்த ஊட்டுல?"

"இல்லை" என்றார் மாமியார். "இருந்தான். இந்தக் கோயிலுக்கு எதுத்தாப்புலதான் அவனைத் தூக்கிட்டுப் போனீங்க. மறந்து போச்சுங்களா?"

அந்த ஆள் ஒதுங்கி நின்றார். பூசாரி காளியம்மன் தோளில் வெள்ளரளியும் செவ்வரளியும் வைத்தார். மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கைகூப்பி நின்றார். அவர் கேட்டதை நான் ஒரு வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

"ஆத்தா, அன்னைக்கு உங்கிட்ட ஒருத்தனைக் கேட்டேன். மண்ணுல உழுந்து பொரண்டு கேட்டேன். நீ குடுக்கல. நான் அதுக்கப்பறம் உங்கிட்ட ஒண்ணுமே கேக்கல. இன்னைக்குக் கேக்கறேன். இவளை எங்க அனுப்பறதுன்னு சொல்லு. இதுக்காச்சும் வாயத் தொற."

அவர் கையை இறக்குவதற்குள் செவ்வரளி விழுந்தது. உருண்டு வந்து படியில் நின்றது. மிஷன் பள்ளி.

நான் மனசுக்குள் வெள்ளைப் பூவைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அய்யன் முகம் செத்துப்போனது. "தங்கச்சி, இன்னொரு தரம் கேட்டுப் பாக்கலாமுங்களா?" என்றார்.

"எதுக்குங்கண்ணா? ஆத்தா சொன்னது நம்ம காதுல உழுகலையா?" என்றார் மாமியார். பூவை எடுத்து என் கையில் வைத்தார். பூவைத் தொடக்கூடாதவள் என்று ஏழு வருஷமாக எனக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். "போ. போயி அந்த ஊசியைப் படி" என்றார்.

படித்தேன். அந்த வருஷங்களைப் பற்றி இனிப்பாக எழுத எனக்கு வராது. முதல் பிணத்தைப் பார்த்த அன்று மூன்று வேளை சாப்பிடவில்லை. இங்கிலீஷ் புரியாமல் வாந்தி வருகிற அளவுக்கு மனப்பாடம் செய்தேன். யாரும் என்னை மதம் மாறச் சொல்லிக் கழுத்தைப் பிடிக்கவில்லை. அவர்கள் ஜெபம் செய்யும்போது நானும் உட்கார்ந்து என் காளியைக் கும்பிடுவேன். அய்யன் ஒரு தரம்கூட வந்து பார்க்கவில்லை. படிப்பு முடியும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் எந்தப் பூவுக்குப் பயந்தாரோ அது அவர் மகளை ஒன்றும் செய்துவிடவில்லை என்று அவருக்குக் காட்ட முடியவில்லை. அது இன்றைக்கும் எனக்குக் குறைதான்.

ரணஜன்னி நோயாளி ஒருவரை அங்கேதான் முதலில் பார்த்தேன். எங்கள் கண் முன்னே இறந்தார். அன்று நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன்: காயம் பட்டதும் கழுவிச் சுத்தம் செய்து ஊசி போட்டிருந்தால் பிழைக்க வழி உண்டு, வாய் பூட்டிய பிறகு பத்தில் பாதி தேறுவதே கடினம். சாணியையும் மஞ்சளையும் நினைத்துக்கொண்டு விடுதியில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒப்பந்தப்படி என்னை ஒரு கிராமத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். எங்கே வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். ஆந்திரத்தில் போட்டார்கள் சிலரை. என்னைப் போட்ட ஊரிலிருந்து சேந்தமங்கலம் வண்டியில் ஒரு பகல் தூரம். சென்னைக்குப் போயிருந்தால் நான் அங்கே இருந்திருக்கவே மாட்டேன்.

ஒரு மாசி மாதம், கோயிலில் எங்களைக் குறுக்கே மறித்த அந்தப் பங்காளி தன் பேரனை வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார். இருபது வயதுப் பையன். கரும்பு வெட்டும்போது காலில் காயம். தாடை அப்போதுதான் இறுகத் தொடங்கியிருந்தது. கிழவர் என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "அம்மிணி, நான் பேசுனதை மனசுல வெச்சுக்காத சாமி" என்றார். அதற்கெல்லாம் நேரம் இல்லை, பையனை இறக்குங்கள் என்று கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் இப்படித்தான்.

அந்த மருந்து யுத்தத்தினால் எங்குமே கிடைக்காத சமயம். மிஷன் வழியாக வந்ததில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. போட்டேன். வெளிச்சமும் சத்தமும் இழுப்பைக் கூட்டும் என்பதால் இருட்டறையில் சத்தமில்லாமல் படுக்க வைத்தேன். பிழைப்பான் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. எனக்கே நம்பிக்கை இல்லை. அதற்கு முந்தின மாதம்தான் இதே அறையில் இதே நோயில் ஒரு சின்னப்பெண்ணை இழந்திருந்தேன்.

சேதி கேட்டு மாமியார் வந்துவிட்டார். யாரும் அழைக்கவில்லை. இருட்டறை வாசலில் தரையில் உட்கார்ந்தவர் எழவே இல்லை. கும்பிடுகிறாரா, சும்மா இருக்கிறாரா என்று தெரியவில்லை. பையன் உடம்பு வளையும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார். ஊருக்குப் போங்கத்தை என்றேன். "நீ உம்பட வேலையைப் பாரு" என்றார்.

மூன்றாவது வாரம் ஒரு காலை, பையனுடைய தாடை தளர்ந்தது. வாய் ஒரு விரல் அளவு திறந்தது. கஞ்சி கொடுக்கலாம் என்றேன். பையனுடைய தாய் பக்கத்தில்தான் இருந்தாள். ஆனால் மாமியார் எழுந்து வந்து கஞ்சிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். அந்தத் தாயும் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டாள். அவர் கரண்டியை நீட்டினார். பையன் வாயைத் திறந்தான். விழுங்கினான். மறுபடி திறந்தான்.

"தொறக்கறாம் பாரு" என்றார். "அம்மிணி, இங்க வந்து பாரு. வாயத் தொறக்கறான்."

அன்றுதான் அவர் அழுது பார்த்தேன். மகன் செத்த அன்றுகூட அவர் கத்தினாரே தவிர இப்படி அழவில்லை. கஞ்சி சிந்தச் சிந்த ஊட்டிக்கொண்டே அழுதார். நான் அவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதுதான் எனக்குக் கிடைத்த வரம். செத்தவர் திரும்பவில்லை. அதற்குப் பிறகும் என் கையில் எத்தனையோ பேர் போய்விட்டார்கள். ஆனால் அன்று கிணற்றோரம் நான் கேட்டதற்குப் பதில் வந்தது. நான் ஆசைப்பட்ட பூவை விழ வைக்காமல், எனக்குத் தேவையான பூவை ஆத்தா விழ வைத்தாள். நான் போகவே பயந்த வாசலில் அந்தப் பதிலை வைத்திருந்தாள். ஊசியை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அவள் பெயரைச் சொல்லித்தான் எடுக்கிறேன்.

சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும் அம்மா, எழுந்திரு. முகத்தைக் கழுவு. உன் சாமி பேசவில்லை என்று சொல்லாதே. எங்கே போய்க் கேட்க உனக்குக் கூச்சமாக இருக்கிறதோ அங்கே போய்க் கேள். துணைக்கு ஆள் இல்லை என்றால் எனக்குச் சொல்லி அனுப்பு. அத்தைக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, ஆனாலும் கூப்பிட்டால் வருவார். நாங்கள் இரண்டு பேரும் வண்டி கட்டிக்கொண்டு வருகிறோம்.